இரண்டாவது சிடி

சேவூர் வயலில் குருவி விரட்டக் கட்டியிருந்த சிடி இன்று வெயிலில் மின்னியதும், ஆரணி பஜாரில் ஒரு மாடியில் முன்பு இருந்த, இப்போது இல்லாமல் போன கம்ப்யூட்டர் சென்டரின் பினாயில் வாசனையும் ஃபேன் சத்தமும் எனக்குத் திரும்பி வந்தன. கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்ற மூன்று சிடிகள். முதலாவது பழையதையெல்லாம் அழித்துவிட்டு இரண்டாவதைக் கேட்கும் என்பது வகுப்பில் ஜெனிபருக்கு மட்டுமே புரிந்ததால், சார் மூன்றையும் அவளிடமே கொடுத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று எல்லாம் அழிந்தபின் திரை இரண்டாவதைக் கேட்டபடியே நின்றது.

"இங்கதான் சார் வெச்சேன், தேடிகினு இருக்கேன்."

"வீட்ல போய்த் தேடு. நாளைலேர்ந்து வராத."

படிக்கட்டில் அழுதவளுக்கு என் எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள். பைக்குள் இருந்தது. எடுத்தால் சிடியும் தெரிந்துவிடும்.

இல்லை என்றேன்.