மாலையாகிப் போன கண்வலிப் பூ

உங்கள் பாடப் புத்தகத்தில் செங்காந்தள் என்று ஒரு பூவின் படம் இருக்கிறதே, மாநிலப் பூ என்று கீழே எழுதி, அதை எங்கள் பக்கம் கண்வலிப் பூ என்போம். அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஏன் என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டீர்கள். வாயால் சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்குத் தெற்கே. தொண்ணூறுகளில் ஒரு வருடம், நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கை, என் அத்தை, மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. வரும்போது தகரப் பெட்டியோடு ஒரு சாக்குப் பையும் கொண்டுவந்தார். அதில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்குகள். மாமாவின் ஊர் ஆனைமலை அடிவாரம். அங்கே மலைச்சரிவுப் புதர்களில் இந்தக் கொடி தானாகப் படர்ந்து கிடக்குமாம். அதன் விதையை மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்கி, மூட்டு வாதத்துக்கு மருந்து செய்ய வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அத்தை அங்கே தெரிந்துகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அண்ணன் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அத்தை நிலம் கேட்டதும், கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு துண்டு மேட்டு நிலத்தைப் பெரியப்பா காட்டினார். காடு என்றுதான் அதைச் சொல்வோம்.

"வெசக் கெழங்கை வெச்சு என்ன பண்ணப்போற அம்மணி? ஆடு தின்னா ஆடு போகும். நீ தின்னா நீ போவ."

"திங்கறதுக்கு வெக்கலீங்கண்ணா. தின்னுட்டு உக்காந்திருக்கறான்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாதுன்னுதான் வெக்கறேன்."

பெரியப்பா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

அத்தையே கல் பொறுக்கினார், ஆடியில் கிழங்கு ஊன்றினார், கிளுவைக் குச்சி நட்டுக் கொடி ஏற்றினார். ஐப்பசியில் பூத்தது பாருங்கள், அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகக் காடே பற்றி எரிகிற மாதிரி. ஆனால் பூத்தால் மட்டும் போதாது. வேண்டியது விதை. இந்தப் பூவில் சூல்தண்டு ஒரு பக்கமாக விலகி நீட்டிக்கொண்டு நிற்கும். தன் மகரந்தத் தூள் தன்மேல் லேசில் படாது. மலையில் வண்ணத்துப்பூச்சிகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் பொட்டல் காட்டுக்கு அவை சரியாக வரவில்லை. அதனால் காலையில் ஒரு பூவின் தூளை விரலால் எடுத்து, இன்னொரு பூவின் சூல்நுனியில் நாமே தொட்டு வைக்கவேண்டும். தொட்ட பூ காயாகும். தொடாதது வாடிப்போகும். பள்ளிக்கூடம் போவதற்கு முன் அத்தையோடு நானும் தொடுவேன். முடித்ததும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவிவிடாமல் என்னை அனுப்பமாட்டார்.

விஷயம் எப்படியோ கோயமுத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனிக்குத் தெரிந்தது. ஆராய்ச்சி அலுவலர் ஒருவர் வந்து பார்ப்பார், பூவும் காய்ப்பிடிப்பும் நன்றாக இருந்தால் விதையைக் கம்பெனியே நேராக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார்கள். அதுவரை வெசக் கெழங்காக இருந்தது, பெரியப்பாவின் வாயில் அன்றே மூலிகை ஆகிவிட்டது. டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம், "நம்ம காட்டுல மூலிகை போட்டிருக்கறமுங்க" என்றார்.

அலுவலர் வரும் நாளன்று விடிந்ததும், அத்தையைக் காட்டுக்குப் போகவேண்டாம் என்றார் பெரியப்பா.

"பெரிய மனுசன் வாராரு. சந்தகை புழிஞ்சு, தேங்காப்பால் எடுத்து வெய்யி. காட்டை நாங்க பாத்துக்கறோம்."

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, நீ போயித் தொட்டுட்டு வந்துரு. இன்னைக்கு விரிஞ்சதுதான் நெறைய."

நான் போனபோது காடு பச்சையாக இருந்தது. வெறும் பச்சை. ஒரு கொடியிலும் விரிந்த பூ இல்லை. வரப்பில் வேலையாள் ஒருவர் உட்கார்ந்து, கூடை நிறையக் கிடந்த பூவை வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா பக்கத்தில் நின்று, "நெருக்கிக் கட்டப்பா, எடவெளி தெரியுது" என்றார்.

"பெரியப்பா, பூவைப் பறிச்சா காய் வராதுங்க."

"நாளைக்கு வேற பூக்கும் போடா. ரோசா மாலை எல்லா ஊர்லயும்தான் போடறாங்க. மருந்துப் பூவுலயே போட்டம்னா மனுசன் அசந்துபோயிருவாரு."

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். கையில் இடியாப்ப மாவோடு அவர் வந்து சேர்வதற்குள் ஜீப்பும் வந்துவிட்டது. அலுவலர் கழுத்தில் மாலை விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அலுவலர் கொடிகளை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார்.

"ஏனுங்க, பூ எங்கீங்க?"

"உங்க கழுத்துலதானுங்க இருக்குது" என்றார் பெரியப்பா.

ஒரே சிரிப்பு. படித்த மனிதர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் சிரித்தார். பிறகு அடிக்கொடியில் இருந்த சில காய்களைத் தடவிப் பார்த்தார்.

"காய் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பூத்ததுல எவ்வளவு காயாகுதுன்னு பாக்காம, நான் கம்பெனில என்னன்னு சொல்றதுங்க? அடுத்த வருசம் பாக்கலாம். காடு யாருதுங்க?"

"நம்முளுதுதானுங்க."

பெரியப்பாதான் சொன்னார். மோர்ச் சொம்போடு அத்தை பின்னால் நின்றார். "அத்தை வெச்சதுங்க" என்று நான் கத்தினேன். பெரியப்பா என் தலையை அழுத்தித் தடவி, "பையன் சூட்டிகைங்க" என்றார். அலுவலர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சந்தகை ஆறிப்போயிருமுங்க. சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டு, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அலுவலர் போய்விட்டார். விஷப் பூ என்பதால் ஆட்டுக்குக்கூடப் போட முடியவில்லை. குப்பைக்குழியில்தான் கொட்டினோம். ஆடியிலிருந்து பட்ட பாடு ஒரு கழுத்தில் ஒரு மணி நேரம் தொங்கியது. யாரும் அத்தையிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மாலை நன்றாக இருந்தது என்றுதான் ஊரே பேசியது.

மறுநாள் காலையில் அத்தை என்னை எழுப்பினார். புதிதாகக் கொஞ்சம் விரிந்திருக்குமாம்.

"நான் வரல. பெரியப்பாவே போயித் தொடட்டும்."

"மெதுவாப் பேசு கண்ணு."

"நீங்க ஏனுங்க அத்தை ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டுப்போட்டு?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் தனியாகவே போனார்.

நான் அன்று சாப்பிடவில்லை, பெரியப்பாவோடு பேசவும் இல்லை. வீடு முழுக்க என்னைக் கெஞ்சியது. சாயங்காலம் பெரியப்பாவே என்னை வண்டியில் உட்காரவைத்து வெள்ளகோவிலுக்குக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மண்ணில் எனக்குப் பிறந்தபோதே பங்கு இருந்தது. பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் அப்போதே பேச ஆரம்பித்திருந்ததாம். எங்கள் ஊரிலோ, கல்யாணத்தில் நகை போட்டதோடு அத்தையின் கணக்கை முடித்துவிட்டார்கள். அவர் வாயைத் திறந்திருந்தால் அந்தத் துண்டுக் காடும், படுக்கிற இடமும் போயிருக்கும். ஒரு வீட்டில் கோபித்துக்கொள்வதற்குக்கூட அங்கே ஒரு பங்கு வேண்டும். இதெல்லாம் எனக்கு விளங்க மீசை முளைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான், அத்தைக்கு மட்டும் ஏன் கோபமே வரவில்லை என்று யோசித்துக்கொண்டே, பெரியப்பாவிடம் இன்னொரு பரோட்டா கேட்டேன்.