வளைகாப்புக்கு ஓர் அறை, இரண்டு பேரரசுகள்

ஸ்டுட்கார்ட்டில் நான் தங்கியிருந்த மாணவர் விடுதியின் நிலவறையில் பெரிய அறை ஒன்று இருந்தது. அதை ஒட்டி ஒரு சமையலறை. நீள மேசைகள், நல்ல அடுப்புகள், தாளித்தால் யாரும் கதவைத் தட்டாத ஆழம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்த் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட எனக்குத் தெரிந்து வேறு இடம் கிடையாது. அந்த அறைக்காகத்தான் நான் உலகத்திலேயே இல்லாத ஒரு பேரரசுக்கு வக்காலத்து வாங்கினேன்.

நான் மாணவன் இல்லை. கோயம்புத்தூரில் டிப்ளமோ முடித்துவிட்டு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்கு வந்தவன். விடுதியில் இடம் மிஞ்சியதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு மேல் மாடியில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் வேதியியல் படித்துக்கொண்டிருந்தான். ஊரின் மறு கோடியில் திருச்சிக்காரர் ஒருவர், உலோகவியல் ஆராய்ச்சியாளர், மனைவியோடு ஒற்றை அறையில் குடியிருந்தார். அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்தம்மா கணக்கில் பட்டம் வாங்கியவர். புருஷன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை அவர் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து தாயார் வர வழியில்லை. வந்தது ஒரு பார்சல்தான்: கண்ணாடி வளையல், சந்தனப் பொடி, புளி, கூடவே நாள் பார்த்துக் குறித்த ஒரு சனிக்கிழமை. வளையல்கள் ஆச்சரியமாக உடையாமல் வந்து சேர்ந்தன.

“நகை வேண்டாம், பட்டுப் புடவை வேண்டாம் அண்ணா,” என்றார் என்னிடம். “நாலு பேர் வந்து கையில வளையல் போடணும். கலந்த சாதம் சாப்பிட்டுட்டுப் போகணும். யாருமே இல்லாம புள்ளைய பெத்துக்கிட்டேன்னு எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது?”

“ரூம்லயே சிம்பிளா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்,” என்றார் புருஷன்.

“இந்த ரூம்லயா? ரெண்டு பேர் சேர்ந்து சிரிச்சாலே வீட்டுக்காரம்மா சுவரைத் தட்டுறா. புளி கரைச்சா போலீஸைக் கூப்பிடுவா.”

புருஷன் எழுந்து போய்ப் பாலைப் பார்த்தார். பால் அடுப்பிலேயே இல்லை.

அந்தச் சனிக்கிழமையை விட்டால் எட்டாம் மாதம். எட்டில் செய்யும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஒன்பதில் அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஆகவே அந்த நாள்தான். அறைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடுதியில் சாவி, கொதிகலன், சண்டை சச்சரவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஹவுஸ்மைஸ்டர். நீல வேலைக்கோட்டு, வாயில் சுருட்டு, ஐந்து பிள்ளைகளின் தகப்பன். நான் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“சனிக்கிழமை விண்வெளிக் கதைச் சங்கத்துக்குக் கொடுத்தாயிற்று.”

எனக்கு ரத்தம் கொதித்தது. சங்கத் தலைவனைத் தேடிப் போனேன். இயற்பியல் மாணவன், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், தாடி. என்ன அப்படித் தலைபோகிற காரியம் என்று கேட்டேன்.

“எங்கள் கதைகளில் எந்தப் பேரரசு மிக வலிமையானது என்று முடிவு செய்யப்போகிறோம்,” என்றான். “ஹனோவரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். நாற்பது சூரியப் பேரரசுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். முறைப்படி அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.”

அங்கேயே நான் அடுத்த சனிக்கிழமையைப் பற்றியோ வேறு அறையைப் பற்றியோ தன்மையாகப் பேசியிருக்கலாம். எனக்குத் தன்மையாகப் பேச வராது. அதோடு, அந்தக் கதைகளை நானும் படித்தவன். ரயில் நிலையத்துப் பத்திரிகைக் கடையில் வாராவாரம் வரும் மெல்லிய புத்தகங்கள். அட்டையில் எப்போதும் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டிருக்கும். ஜெர்மன் படிக்க என்று வாங்கத் தொடங்கி, பிறகு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வாங்கினேன்.

“நாற்பது சூரியமா? அது குப்பை,” என்றேன். “இரும்பு நிலாக்காரர்கள் முன்னால் ஒரு வாரம் நிற்காது.”

அவன் முகம் சிவந்துவிட்டது. அவன் அம்மாவைத் திட்டியிருந்தால்கூட அப்படிச் சிவந்திருக்காது.

“நிரூபி,” என்றான். “நிரூபித்தால் அறையை எடுத்துக்கொள்.”

“எப்போது?”

“புதன்கிழமை மாலை. அதே அறையில்.”

நடுவராக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது, இரண்டு பக்கத்தையும் சமமாக வெறுக்கும் ஆள் ஒருவர்தான் இருந்தார். ஹவுஸ்மைஸ்டர் சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: “ஆளுக்கு அரை மணி நேரம். பிறகு நான் சாப்பிடப் போக வேண்டும்.”

யாழ்ப்பாணத்துப் பையனிடம் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணை, இது பட்டிமன்றம்தானே. நான் பள்ளிக்கூடத்தில சொற்போருக்குக் கப் வாங்கின ஆள். தொடக்கம் நான் பேசிறன். நீங்கள் கோவப்படாமல் இருந்தால் காணும்.”

“கோபம் எனக்கு வராது,” என்றேன்.

“ஓம், ஓம். இப்பவே மேசையைக் குத்திறியள்.”

புதன்கிழமை அறை நிறைந்துவிட்டது. சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம். நாங்கள் இருவரும் ஒரு பக்கம். பின் வரிசையில் திருச்சித் தம்பதி. அந்தம்மா கம்பளிக் கோட்டோடு இரண்டு நாற்காலிக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தார். தலைவன் முதலில் பேசினான். நாற்பது சூரியங்கள், எண்ணிலடங்காத கப்பல்கள், ஒரு விசையைத் தட்டினால் கிரகத்தையே பொடியாக்கும் கதிர். நன்றாகத்தான் பேசினான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து எங்கள் பையன் எழுந்தான். கோட்டைச் சரி செய்துகொண்டான். நம் மேடைகளில் என்ன வழக்கம்? எதிரணியை முதலில் தூக்கி வைத்துப் பேச வேண்டும்; உச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ‘ஆனால்’ என்று தள்ளிவிட வேண்டும். அதைத்தான் அவன் நல்ல ஜெர்மனில் செய்தான்.

“எதிரணித் தலைவரின் வாதம் மலை போல நிற்கிறது. அவர் அறிவைக் கண்டு வியக்கிறேன். அந்த மலையை அசைக்க என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.”

சொல்லிவிட்டு நிறுத்தினான். ‘ஆனால்’ என்பதற்கு முன்னால் கைதட்டலுக்காக நிறுத்துவதும் நம் வழக்கம்தான். கைதட்டலும் வந்தது. சங்கத்து ஆட்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். தலைவன் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“மிக நேர்மையான மனிதர்,” என்றான் ஹவுஸ்மைஸ்டரைப் பார்த்து. “ஒத்துக்கொண்டுவிட்டார்.”

“இல்லை, இல்லை, நான் இன்னும் தொடங்கேல்லை,” என்று பையன் தமிழில் கத்தினான். பிறகு அதையே ஜெர்மனில் சொன்னான்.

“எல்லோருக்கும் கேட்டது,” என்றார் ஹவுஸ்மைஸ்டர். “ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான்.”

“அது மரியாதைக்குச் சொல்வது.”

“மரியாதைக்கு ஏன் தோற்க வேண்டும்?”

பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அண்ணை, இனி என்னால ஏலாது. நீங்கள் கோவப்படுங்கோ,” என்றான்.

ஒத்துக்கொண்டது அவன்தான், எனக்கும் அரை மணி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். யாரையும் புகழவில்லை. நாற்பது சூரியக்காரர்களிடம் உதிரிப் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன். கப்பல் உடைந்தால் அடுத்த வாரம் புதுக் கப்பல் வருகிறது; எந்தப் பட்டறையில், யார் கடைந்தது, இரும்பு எங்கே தோண்டியது? இரும்பு நிலாக்களில் மட்டும்தான் ஒருவன் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறான். பழுது பார்க்கத் தெரியாதவன் பேரரசன் இல்லை, வாடிக்கையாளன். இதைச் சொல்லி மேசையைக் குத்தினேன். தண்ணீர்க் குவளை துள்ளிக் கீழே விழுந்தது. சங்கத்து ஆட்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் யோசித்தார்கள். தலைவன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “கிரகத்தையே பொடியாக்கியபின் ஸ்பேனரை வைத்து எதைத் திருகுவீர்கள்?”

பயங்கரச் சிரிப்பு. ஹவுஸ்மைஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பின் வரிசையைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“பார்வையாளர் கேள்வி கேட்கலாமா?” என்றார் அந்தம்மா ஜெர்மனில்.

“சுருக்கமாக,” என்றார் ஹவுஸ்மைஸ்டர்.

அவர் எழுந்திருக்கச் சற்று நேரம் ஆயிற்று. புருஷன் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தினமும் தனியாக அறையில் கிடந்தவர் என்ன செய்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பழைய பொருள் சந்தையில் கட்டுக் கட்டாக விற்ற அந்தப் புத்தகங்களைப் புருஷன் சுமந்துவந்து கொடுக்க, இவர் அத்தனையையும் முடித்திருக்கிறார்.

“நாற்பது சூரியப் பேரரசில் வாராவாரம் பாதிப் படை செத்துப்போகிறது,” என்றார். “சரிதானே?”

“வீரமரணம்,” என்றான் தலைவன்.

“அடுத்த வாரம் முழுப் படை நிற்கிறது. அவர்களை யார் பெற்றது?”

துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையைத் தலைவன் மேசையில் வைத்தான்.

“நான் படித்தவரையில் அங்கே ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. ஒரு தொட்டில் இல்லை. கர்ப்பிணி ஒருத்தி இல்லை. நான் ஒரே ஓர் ஆளைப் பெறுவதற்கு மாதக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோடிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்?”

தலைவன் தாடியைச் சொறிந்தான். “இளவரசன் பிறக்கிறானே,” என்றான்.

“இல்லை. முதல் பக்கத்திலேயே பூட்ஸ் போட்டுக்கொண்டு மீசையோடு கப்பலிலிருந்து இறங்குகிறான்.”

சங்கத்தில் ஒருவன், “ஆமாம், மீசை இருக்கிறது,” என்றான். தலைவன் அவனை முறைத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கை நீட்டினான். “அவருடைய இரும்பு நிலாக்களில் மட்டும்?”

“அங்கேயும் கிடையாது,” என்றார் அந்தம்மா. என்னைப் பார்த்துத் தமிழில், “கோவிச்சுக்காதீங்க அண்ணா, ஸ்பேனர் புள்ள பெக்காது,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஜெர்மனுக்குத் திரும்பினார். “இரண்டு பேரரசும் இப்போது இருக்கும் ஆட்கள் கிழவர்களாகும் வரைதான். அதற்குமேல் கணக்கு வரவில்லை.”

முதலில் சிரித்தது ஹவுஸ்மைஸ்டர். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்றே நாங்கள் யாரும் நினைத்ததில்லை. சுருட்டு வாயிலிருந்து விழுந்தது; குனிந்து எடுத்துக்கொண்டே சிரித்தார். ஐந்து பெற்ற வீட்டிலிருந்து வந்த சிரிப்பு அது. பிறகு அறை முழுக்கச் சிரித்தது. கடைசியாகத் தலைவனும்.

“தீர்ப்பு,” என்றார் ஹவுஸ்மைஸ்டர். “இரண்டு பேரரசும் தோற்றன. சனிக்கிழமை அறை இந்த அம்மாவுக்கு.”

“ஹனோவர் ஆட்கள் டிக்கெட் வாங்கிவிட்டார்களே,” என்றான் தலைவன் பரிதாபமாக.

“சாப்பிட வரச் சொல்லுங்கள்,” என்றார் அந்தம்மா. “பட்டினியாக எதற்கு விவாதம்?”

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து சமைத்தோம். கடையில் கிடைத்தது பால் சோற்றுக்கு வாங்கும் உருண்டை அரிசி. சர்க்கரைப் பொங்கல் அருமையாக வந்தது. எலுமிச்சை சாதம் களியாகிவிட்டது. அதைத்தான் ஜெர்மன்காரர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள். கறிவேப்பிலை இல்லை. தேங்காய்க்குப் பதில் கேக்கில் தூவும் உலர்ந்த துருவல். தேங்காய் சாதம் பிஸ்கட் மாதிரி மணத்தது, யாரும் குறை சொல்லவில்லை. நான் புளியோதரைக்கு உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். “அண்ணை, இதுக்குப் பேர் கடலோதரை,” என்றான் யாழ்ப்பாணத்துப் பையன். அவனுக்குக் கரண்டியால் ஒன்று கொடுத்தேன்.

தமிழ்ப் பெண்கள் மொத்தம் மூன்று பேர்தான் வந்தார்கள். போதாது. விடுதியில் படித்த ஜெர்மன் பெண்களைக் கூப்பிட்டோம். ஹவுஸ்மைஸ்டரின் மனைவி சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு வந்து, கேட்காமலேயே முதல் ஆளாகக் கையில் சந்தனம் தடவி வளையல் போட்டார். ஐந்து பெற்றவர் கை ராசி என்று ஒருவர் சொல்ல, அதை மொழிபெயர்த்ததும் அவர் அழுதுவிட்டார். அந்தம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக நிறைந்தது. புருஷன் அன்று பால் பார்க்கப் போகவில்லை. ஒரு மூலையில் நின்று, சிரிப்பை அடக்கத் தெரியாமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹனோவர் ஆட்கள் நான்கு பேர், பை நிறையப் புத்தகங்களோடு வந்து வாசலில் திகைத்து நின்றார்கள். தட்டைக் கொடுத்து உட்கார வைத்தோம்.

வளையல்களைக் குலுக்கி அந்தம்மா சத்தம் எழுப்பியதும், இது எதற்கு என்று தலைவன் கேட்டான்.

“உள்ளுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குக் கேக்கும்,” என்றான் எங்கள் பையன், முதலில் தமிழிலும் பிறகு ஜெர்மனிலும்.

தலைவன் தட்டைக் கீழே வைத்தான். பிறகு அந்தம்மாவின் எதிரே வந்து மிகவும் பணிவாக நின்றான்.

“அப்படியானால் பிள்ளைக்கு எங்கள் கதையில் ஒரு பக்கம் வாசிக்கலாமா?”

“வாசியுங்கள். ஆனால் சண்டை கூடாது. வெடிக்கவும் கூடாது.”

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. தலைவன், சங்கத்து ஆட்கள், ஹனோவர்க்காரர்கள் எல்லோரும் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து, யாரும் சாகாத ஒரு பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்கள். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். “இங்கே... இல்லை, அடுத்த வரியில் சுட்டுவிடுகிறான்.” “இது நன்றாக இருக்கிறது... ஐயோ, கிரகம் போய்விட்டது.” இப்படியே போயிற்று. இடையில் இரண்டாம் முறை பொங்கல் வந்தது.

கடைசியில் ஒரு ஹனோவர்க்காரன் கண்டுபிடித்தான். எரிபொருள் தீர்ந்த கப்பல் ஒன்று பெயர் தெரியாத சிறு கிரகத்தில் இறங்குகிறது. மழை பெய்கிறது. ஆட்கள் கதவைத் திறந்துவைத்து, மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அரைப் பக்கம்தான். தலைவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தம்மாவின் வயிற்றைப் பார்த்து அதை மெதுவாக வாசித்தான். மழை நிற்கும் இடத்தில் வாசிப்பதை நிறுத்தினான். அடுத்த வரியில் எதிரிக் கப்பல் வருகிறது என்பது அந்தக் கதைகளைப் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.