மைதானத்தில் ஒரு கரிமூட்டம்

வியாழக்கிழமை காலை சுப்பராயன் போன் பண்ணினான். "ஏலே, கெளம்பி வா. நம்ம கிரவுண்டு நடுவுல கரிமூட்டம் வெந்துக்கிட்டு இருக்கு."

எனக்குப் போன் அடித்தாலே கெட்ட செய்தி என்றுதான் தோன்றும். இது வேறு...

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நகராட்சி இடம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டுச்சந்தை. சந்தை இடம் மாறியதும் சீமைக்கருவேலம் குடியேறிவிட்டது. கடைகள் கட்டப்போகிறார்களாம். அதுவரை விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் வாலிபால் மேட்சுகள். சாயங்காலம் ஒயிலாட்டம். எங்கள் தெரு விளையாட்டுக் கமிட்டிக்குச் செயலாளர் சுப்பராயன். கவலைப்படும் பொறுப்பு எனக்கு.

எனக்கு அந்த இடம் வெறும் இடமா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பவர்லூமில் சேர்ந்தவன் நான். ஷிப்ட் முடிந்தால் தலையில் பஞ்சுத்தூசியோடு நேராக அங்கேதான் ஓடுவேன். பிடுங்காமல் விட்ட, மாடு கட்டும் முளைக்குச்சிகளில் இடித்து இடித்துக் கால் பெருவிரல் நகமே இருக்காது. பந்து மேலே எழும்பினால் அவரவர் வீட்டுப் பாஷைதான் வரும்: ஒருவன் தெலுங்கில் "எனக்கு" என்பான், ஒருவன் கன்னடத்தில் "எனக்கு" என்பான், பக்கத்துக் கிராமத்துக்காரன் தமிழில் கத்துவான். பந்து யாருக்கும் இல்லாமல் சாணியில் விழும். அப்படி ஒரு ஆட்டத்தை அங்கே இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் — அவ்வளவுதான் ஆசை.

அந்தக் கருவேல முள்ளை வெட்டியது பரளச்சிப் பக்கத்து மாரியம்மாவும் அவர் வீட்டுக்காரரும். கூலி வேண்டாம், விறகு எங்களுக்கு என்பது பேச்சு. நாங்கள் வலை, பந்து வாங்க மதுரைக்கு அலைந்துகொண்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், கோர்ட் போட வேண்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு மண் மேடு. உச்சியில் புகை. உள்ளே அடுக்கிய விறகு வெந்து கரியாகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, விறகைக் கொண்டு போவீகன்னுல்ல நெனச்சோம்?" என்றான் சுப்பராயன்.

"வெட்டுன எடத்துலதானய்யா மூட்டம் போடுவாக. கரியாக்கித்தான் லோடு ஏத்துவோம். இது ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும். இந்த வறட்டுக் காட்டில் யாருக்குத்தான் தெரியாது? மழை வந்தால்... மைக் செட் கெட்டால்... பெண்கள் ஒதுங்க இடம்... எல்லாவற்றுக்கும் தூங்காமல் கவலைப்பட்டேன். இதற்கு மட்டும் படவில்லை.

"தண்ணிய ஊத்தி அணைச்சுருவோமா?" என்றான் சுப்பராயன்.

மாரியம்மா பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை அவன் பக்கம் நகர்த்தினார். "ஊத்துங்க. அரைவேக்காட்டு வெறக யாரு வாங்குவா? பாதியில தொறந்தாலும் காத்துப் பூந்து சாம்பலாப் போகும். நானும் அவுகளும் முள்ளுக்குள்ள கெடந்து வெட்டுனது. ஒங்க இஷ்டம்."

சுப்பராயன் குடத்தைத் தொடவில்லை. மூட்டம் வெந்து ஆற அடுத்த வாரம் ஆகிவிடும். மேட்சைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. வெளியூர் டீமுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கோர்ட்டை ஓரமாகத் தள்ளினோம். மூட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். மேலே கால் வைத்தால் மண் உள்வாங்கும், உள்ளே நெருப்பு. நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி மேட்ச், எங்கள் தெருவும் மல்லாங்கிணறும். ஓங்கி அடித்த பந்து கயிற்றைத் தாண்டிப் போய் மூட்டத்தின் மேல் உட்கார்ந்தது. ஒருவரும் அசையவில்லை. மாரியம்மா நீளக் கம்பால் பந்தைத் தள்ளிவிட்டார். பந்து விழுந்த இடத்து விரிசலில் இருந்து புகை குபுகுபுவென்று வந்தது. ஈர மண்ணை அள்ளி அப்பி, கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். அதுவரை ஆட்டம் நின்றது.

"பாயிண்டு யாருக்கு?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"மூட்டத்துக்குக் குடுங்கப்பா," என்றார் நடுவர்.

புதன்கிழமை மூட்டம் பிரித்தார்கள். மாரியம்மா இரண்டு கட்டியை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்றது. நன்றாக வெந்த கரி. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

லோடு ஏற்றி முடித்துவிட்டு மாரியம்மா கேட்டார். "அடுத்த ஆட்டம் என்னைக்குங்கய்யா? வாரேன். அன்னைக்கு மூட்டத்தையே பாத்துக்கிட்டு நின்னேனா, ஒண்ணும் பாக்கல. யாரு செயிச்சா?"

"சுப்பராயனக் கேட்டுச் சொல்றேன்," என்றேன். நானும் மூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.