வாளிக்குக் கீழே ஒரு கதிரை

நறுவிலிக்குளத்தில் சீவரத்தினம் வீடு எது என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். வாளிச் சீவரத்தினம் என்று கேட்டுப் பாருங்கள், கையோடு கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். குறிபார்த்து அடிக்கிற போட்டியில் இப்படியும் ஒரு வகை வைக்கலாமா என்று கட்டுக்கரைப் பக்கத்து ஊர்ச்சனமெல்லாம் சித்திரை விளையாட்டு விழாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் அந்தப் பெயர் மனிசனுக்குச் சும்மா கிடைக்கவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கிடைத்தது.

தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்குப் படகேறியபோது சீவரத்தினம் மீசை அரும்பாத பெடியன். மண்டபம் முகாமில் வளர்ந்து, அந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் பலூன் சுடுகிற பலகை போட்டுப் பிழைத்தார். அக்கா பாலேஸ்வரி இங்கேயே நின்றுவிட்டார். கலியாணம் கட்டி வன்னிக்குப் போனார். கடைசிச் சண்டையில் புருசனைப் பறிகொடுத்து, மெனிக் பாம் அகதி முகாமில் கிடந்து, தகப்பனுடைய காணிக்குத் திரும்பினார். சண்டை முடிந்த மறுவருசம் தம்பியும் வந்து சேர, ஒரே வளவில் இரண்டு தகரக் கொட்டில் எழும்பியது. கிணறு ஒன்றுதான். அக்கா மீன்குழம்பு வைத்தால் தம்பிக்கு ஒரு கோப்பை தவறாது.

"இந்தியாவில உறைப்பில்லாமத் திண்டு உன்ர நாக்குச் செத்துப்போச்சடா," என்பார். தம்பி மூக்கைச் சீறிச் சீறிச் சாப்பிடுவதை நின்று பார்ப்பதில் அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

முதலாவது சித்திரை வந்தது. விளையாட்டுக் கழகச் செயலாளர் ஜெயகாந்த் தேடி வந்தான்.

"அண்ணை, கயிறிழுவையும் சாக்கோட்டமும் சனத்துக்கு அலுத்துப்போச்சு. நீங்கள் புதுசா ஒண்டு வையுங்கோவன்."

ஆமிக்காம்புக்குப் பக்கத்தில் துவக்கு, துப்பாக்கி என்று வாயெடுக்கக் கூடாது என்ற அளவுக்குச் சீவரத்தினத்துக்கு விவரம் இருந்தது. சைக்கிள் ரியூப் வெட்டி உண்டிவில் மாதிரிக் கெட்டபோல் கட்டினார். பலகை நிறையப் பலூன்களை முறுக்க ஊதிப் பொருத்தினார். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, இராமேஸ்வரத்தில் கூவியதுபோல வாங்க வாங்க என்று கூவினார்.

முதல் கல்லே பட்டது. படார்!

மைதானத்தில் பாதிச்சனம் நிலத்தில் கிடந்தது. செல்லடிக்குப் படுத்துப் பழகி வன்னியால் திரும்பிய அத்தனை பேரும்! பாலேஸ்வரி சர்பத் தட்டத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் பிள்ளையை நெஞ்சுக்குக் கீழே அமுக்கியபடி குப்புறப் படுத்திருந்தார். பார்த்தவுடனே விளங்கியிருக்க வேண்டாமா? விளங்கவில்லையே. திருவிழாவில் கூவிக் கூவிப் பழகிய வாய், மூளையைக் கேட்காமலே பேசிவிட்டது.

"பலூனுக்கே படுத்துட்டாங்கப்பா எங்க அக்கா!"

சீவரத்தினத்தைப் போல இந்தியாவால் திரும்பிய சனம் கொல்லென்று சிரித்தது. மற்றவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். பாலேஸ்வரி பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, சேலையெல்லாம் சர்பத் ஒழுக, திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே போய்க் கதவடியில் நின்றார் சீவரத்தினம். "அக்கா, தெரியாமச் சொல்லிப்போட்டன்."

"ஓம், உனக்குத் தெரியாதுதான்," என்றது உள்ளே இருந்து அக்காவின் குரல். அதோடு சரி.

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தச் சண்டைக்குள் அவர் நின்றதில்லையே. குழம்புக் கோப்பை வருவது நின்றது. கிணற்றடியில் தம்பியைக் கண்டால், பாலேஸ்வரி நிரப்பிய வாளியையும் அப்படியே கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். இருபது வருசம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோதுகூட அக்கா இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. போட்டி மண்ணாய்ப் போகட்டும், அக்கா வாய் திறந்தால் போதும் என்று ஆகிவிட்டது மனிசனுக்கு.

அடுத்த சித்திரைக்கு முன்னமே ஜெயகாந்த் வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணை, உந்தக் குறிபார்க்கிற போட்டியை விட்டிடுவம்."

"விட்டால் அந்தப் படார்தானே கடைசியா நிக்கும்? போட்டி இருக்கட்டும். சத்தம் இருக்காது," என்றார் சீவரத்தினம்.

சொல்லிவிட்டார், செய்ய வேண்டுமே! தகரப் பேணி கணீரென்றது, வேண்டாம். சிரட்டை டக்கென்றது, அதுவும் வேண்டாம். கல்லுக்குப் பதில் களிமண் உருண்டை, பலகைக்குப் பதில் அரிசி புடைக்கிற சுளகு என்று மாற்றியபோது தொப்பென்று ஒரு சத்தம், பூனைகூடத் திரும்பிப் பாராது. ஆனால் சுளகில் மண் அப்பியதற்கு எந்தச் சனம் கைதட்டும்? அங்கேதான் மனிசன் முழி பிதுங்கி நின்றார்.

அந்த யோசனையோடு ஒருநாள் மத்தியானம் கிணற்றடியில் குனிந்து முகம் கழுவினார். அக்கா வைத்துவிட்டுப் போன வாளி முழங்கையில் தட்டுப்பட்டு முழுத்தண்ணீரும் தலையில் கவிழ்ந்தது. ஐயோ என்று துள்ளினார். அக்கா வீட்டுத் தட்டி மறைப்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம். அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. சந்தேகமேயில்லை, அக்காதான்!

நனைந்த உடுப்போடு அங்கேயே நின்று திட்டம் போட்டார். ஒரு பக்கத்தில் கம்பில் சுளகு. தள்ளி, ஆள் குந்த ஒரு கதிரை. கதிரைக்கு மேலே தண்ணீர் வாளி. உப்புக்குளத்துச் சரிபுதீன் நாநா கொடுத்த தங்கூசி, மீன்பிடிக்கிற அந்த நரம்பு, சுளகையும் வாளியையும் தொடுக்கும். சுளகில் பட்டால் வாளி கவிழும். கதிரையில் புருசன் இருப்பான், பெஞ்சாதி அடிப்பாள்.

விழாவன்று பெண்கள் நெருக்கியடித்து வரிசை பிடித்தார்கள். எத்தனை வருசக் கடுப்பைத் தீர்க்க வந்தார்களோ! அடிக்க வந்தவள் ஒவ்வொருத்திக்கும் முன்னால் சீவரத்தினம் மைக்கில் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ, சத்தம் வராது. தண்ணி மட்டுந்தான் வரும்." சொல்லும்போதெல்லாம் கண் வேம்படிக்குப் போனது. பாலேஸ்வரி அங்கே தனியே நின்றார்.

புருசன்மார் நனைந்து முடிகிற நேரம், பாலேஸ்வரி நேரே வந்து கெட்டபோலுக்குக் கையை நீட்டினார்.

"அக்காவுக்குக் கதிரையில ஆர்..." என்று தொடங்கிய ஜெயகாந்த் நாக்கைக் கடித்துக்கொண்டான். சீவரத்தினம் மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராமல் செய்தவரே அவர்தானே, அடி பட்டது அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் தலையில் இடியாய் விழ, பதறிக் கதிரையோடு கவிழ்ந்து சேற்றில் குப்புறக் கிடந்தார்.

பாலேஸ்வரி நிதானமாக நடந்து போய் மைக்கை எடுத்தார்.

"தண்ணிக்கே படுத்திட்டான் எங்கட தம்பி!"

முதலில் சிரித்தது வன்னியால் வந்த சனந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பாலேஸ்வரியும் சிரித்தார். பிறகு வந்து குனிந்து தம்பியின் தோளைத் தட்டினார்.

"எழும்படா. வந்து தலையைத் துவட்டு. குழம்பு வச்சிருக்கிறன்."

சீவரத்தினம் உடனே எழும்பவில்லை. முகம் முழுக்கத் தண்ணீராய் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.