பாழாய்ப்போன மயிரிழைக் கோடு

அந்த ஆங்கில எழுத்துருவை ஒரு சென்ட் டப்பாவில் பார்த்தால்கூட இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 'எச்' என்று போட்டால் இரண்டு காலும் தூண் கனம், நடுக்கோடு மட்டும் மயிரிழை. கால்களின் நுனியில் படுக்கையாக ஓடும் கோடும் அதே மயிரிழைதான். அழகில்லை என்று சொல்லவில்லை. பத்திரிகை அட்டையிலும் கடைப் பலகையிலும் பெரிதாக வைத்தால் ராணி மாதிரி நிற்கும். கட்டைவிரல் நகத்தளவுக்குக் குறுக்கினால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போய்விடும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அச்சுக்கு வரைந்து கொடுப்பது என் வேலை. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவன் தன் கம்பெனிப் பெயரை இந்த எழுத்தில் அனுப்பினான். ஷூவுக்குள்ளே, குதிகால் படும் தோலில் பொன்னிறத்தில் விழ வேண்டுமாம். மெல்லிய கோடுகளைக் கொஞ்சம் தடிமனாக்கி நானே ஒன்று வரைந்து மேனேஜரிடம் காட்டினேன்.

"பையர் குடுத்ததுலயே கை வெக்கிறியா? நீ இன்னா, அவனுக்கே டிசைன் சொல்லித் தர்றியா?"

"ஒரு மெயில் போட்டுக் கேட்டுடலாம் சார்."

"கேட்டா இவங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனப்பான். வந்தத அப்டியே அனுப்பும்மா."

பையரிடம் சந்தேகம் கேட்டால் கௌரவம் போய்விடும். எங்கள் கம்பெனியைப் பிடித்த வியாதி இது.

தோலில் சூட்டோடு பொன்னிற அச்சு அழுத்தும் மெஷினில் இருந்த அக்கா அப்போது காண்ட்ராக்டில்தான் இருந்தார். இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் பர்மனென்ட் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். மெஷினில் சூட்டைக் கூட்டினால் தடித்த கால்கள் தோலைக் கருக்கின. குறைத்தால் மயிரிழை விழவே இல்லை. "இன்னா பாப்பா, ஒரே பேஜாரா கீது" என்று அக்கா நாளெல்லாம் சூட்டோடு மல்லுக்கட்டினார்.

பெயர் சரியாக விழவில்லை என்று சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும், "கைவேல சுத்தமில்ல" என்று சொல்லி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். கோளாறு எழுத்தில் என்று அங்கேயே கத்தினேன். யார் காதில் விழுந்தது?

அடுத்த வாரம் பையரே மெயில் போட்டான். சின்ன அளவுக்கென்று கோடு தடித்த எழுத்து தங்களிடம் தனியாக இருக்கிறதாம், கேட்டிருந்தால் அன்றே அனுப்பியிருப்பார்களாம். அச்சு அசல் நான் வரைந்தது மாதிரியே இருந்தது. அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்றார் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல். சண்டாளன்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் அக்காவைப் பார்த்தேன்.

"அந்தப் பேரு இப்ப சரியா விழுதா?"

"விழுதுக்கா."

"மெஷின்ல யாரு?"

"புதுப் பொண்ணு ஒண்ணு."

"அப்ப என் கைலதான் கோளாறு" என்றார் அக்கா. எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்று நான் பதறிப்போய்ச் சொல்லச் சொல்ல, என் முழங்காலைத் தட்டி, "விடு பாப்பா, எனக்காவ சொல்ற" என்றார்.