பதினேழு மண் சட்டைகள்

பொத்தான் அத்தை முட்டி போட்டு உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டுவாள். குனிந்து மாட்டினால் பாதி வரிசை முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பதினேழு பிள்ளைகள், ஆளுக்கு நான்கு பொத்தான். மழலைப் பள்ளியின் பின்கதவை ஒட்டிய சின்ன அறையில், துடைப்பமும் வாளிகளும் போக மிச்சமிருக்கும் இடத்தில், பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நிற்பார்கள்.

"திரும்பு," என்பாள். பிள்ளை திரும்பும். பெரியவர்கள் போட்டுக் கழித்த சட்டை, முன்பக்கம் முதுகுக்கு வருகிற மாதிரி ஏறும். காலர் பொத்தான் பிடரியில் வந்து விழும்.

எதற்கு இப்படி முன்பின்னாக மாட்டுகிறீர்கள் என்று சின்ன டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வாரம் கேட்டாள்.

"முன்னாடி பொத்தான் இருந்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டி, மண்புழுவுக்குக் குளிருதுன்னு போர்த்தி விட்டுடுதுங்க டீச்சர். பின்னாடி இருந்தா கழட்ட எங்கிட்டதானே வந்தாகணும்?"

அவள் கணக்கு எல்லாமே அப்படித்தான். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுவாள், எறும்புக்கு வழி இருக்காது. தொப்பி நாடாவில் முடிச்சுப் போடமாட்டாள். அழுத்திப் பூட்டும் டிச் பட்டன்தான், கிளையில் மாட்டினால் தானாக விட்டுவிடும், கழுத்தை இறுக்காது. சட்டையைத் திருப்பிப் போடுவதால் பை முதுகுக்குப் போய்விடுமே, அதனால் பையைப் பிரித்து வயிற்றுப் பக்கம் தைத்திருந்தாள். அந்தப் பையில் தண்ணீரைப் பிடித்து நத்தை வளர்த்த பிள்ளைகள் உண்டு. அதற்காகப் பையின் அடி மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையும் விட்டிருந்தாள்.

இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. துணிக் கம்பெனியில் பதினொரு வருடம் காலர் மட்டுமே தைத்தவள் அவள். கழிவறைக்குப் போக இனிமேல் அட்டை வாங்க வேண்டும் என்று சூப்பர்வைசர் புதுச் சட்டம் போட்ட அன்று, அட்டை வாங்காமல் எழுந்து போனாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் வேலை போயிற்று. "ரெண்டு நாள் நிம்மதியா போயிட்டு வந்தேன்ல," என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சிரிக்கவில்லை. பிறகு தனியாகப் போய்ச் சிரித்தான்.

பதினேழு சட்டைகளில் ஒன்பது அவனுடையவை. "என் சட்டையெல்லாம் பள்ளிக்கூடம் போகுது. நான்தான் ஒழுங்கா போகல," என்பான்.

சட்டை ஏறியதும் பிள்ளைகள் வேறு ஆளாகிவிடுவார்கள். வகுப்பில் பென்சில் கேட்கவே பத்து முறை யோசிக்கும் சுருட்டை முடிக்காரி, கணுக்கால் வரை தொங்கும் சட்டையில் மண்புழு டாக்டர் ஆவாள். "உங்க புழுவுக்கு வயிறே சரியில்ல. எத்தனை தடவை சொல்றது? ஈர மண்ணு குடுங்க," என்று மற்றவர்களை விரட்டுவாள். ஒருவன் தொங்கும் கையைத் தும்பிக்கையாக்கிப் பாத்திக்குத் தண்ணீர் தெளிப்பான். ஒருத்தி எதுவும் செய்யாமல் நடுவில் நின்றுகொண்டு, "நான் மழை. யாரும் பேசாதீங்க," என்பாள். பாத்தியும் வெட்டுப்படும், களையும் போகும், கூடவே நல்ல செடியும் போகும்.

பிசகு நடந்தது விதைப்பு நாளில். விதை டப்பா பள்ளியை நடத்தும் பெரிய டீச்சரின் அலுவலக அறையில் இருந்தது. சட்டை மாட்டிய கையோடு அத்தை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு பிடி சூரியகாந்தி விதை கொடுத்து, "பையில போட்டுக்கோங்க, வழியில கொட்டாதீங்க," என்றாள். ஓட்டையை வைத்தவளுக்கே ஓட்டை மறந்துபோயிற்று. பாத்திக்குப் போய்ச் சேர்ந்தபோது பையில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்றுதான் மிச்சம். அவர்கள் பைக்குள் கை விட்டுப் பார்க்கவுமில்லை, குழி தோண்டும் அவசரம்.

பத்து நாள் பாத்தியில் ஒன்றும் முளைக்கவில்லை. எல்லாரும் காக்கையைத் திட்டினார்கள். பதினோராம் நாள் காலையில் பெரிய டீச்சரின் வெள்ளைக் கூழாங்கல் பாதையில் முளை விட்டது. அலுவலக வாசற்படியில் தொடங்கி, கட்டடத்தைச் சுற்றி, பின்பக்கம் வரைக்கும் பச்சை வரிசை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வட்டம் போட்டிருந்தது. டாக்டர் அங்கே யாரையோ துரத்தியிருக்கிறாள்.

பிள்ளைகள் கூத்தாடினார்கள். சின்ன டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, அப்புறம் அவளும் சிரித்தாள்.

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. அந்தக் கற்களை அவர் மாதம் ஒருமுறை தன் கையால் கழுவி அடுக்குகிறவர். அன்று மாலை அத்தையை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது பள்ளிக்கூடமா, பண்ணையா? போன வாரம் ஒரு அப்பா வந்து பிள்ளை காதுக்குள்ள மண்ணுன்னு சண்டை போட்டுட்டுப் போறாரு. இப்போ இது."

"முளைச்சதை நானே பிடுங்கி இடம் மாத்தி நட்டுடறேன் டீச்சர். என் தப்புதான் அது."

"நட வேண்டாம். பின்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் புல்லு விரிச்சிடலாம்னு இருக்கேன். பிள்ளைங்க சுத்தமா உக்காந்து விளையாடட்டும்."

"தோட்ட நேரம் உண்டுன்னு சேர்க்கை நோட்டீசுல நீங்கதானே போட்டிருக்கீங்க?"

"அதான் பிரச்சினையே." பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் நிறுத்தினா பெத்தவங்க ஏன்னு கேப்பாங்க. நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. பிள்ளைங்களை உங்க இஷ்டத்துக்கு மண்ணுல இறக்குனீங்க, இனிமே செய்யமாட்டீங்கன்னு. அதைக் காட்டிட்டு நிறுத்திடறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது. நாளைக்குக் காலையில எழுதலைன்னா அப்புறம் நீங்க வர வேண்டியதில்லை."

ராத்திரிச் சாப்பாட்டில் புருஷன் அவள் தட்டைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வந்துடேன். நம்ம ரெண்டு பேருக்கும் இந்த வயசுல புது வேலை யாரு குடுப்பாங்க?"

"உங்களுக்கு வேலை இருக்குல்ல?"

"சும்மா உன் கூடச் சேர்த்துச் சொன்னேன்."

"எழுதிக் குடுத்தா அந்த இடத்துல புல்லு விரிச்சிடுவாங்க. நான் தச்சதை நானே தப்புன்னு எழுதணுமா? போங்க, குழம்பை ஊத்துங்க."

காலையில் அவள் கைப்பைக்கு மேல் அவனுடைய கட்டம்போட்ட சட்டை மடித்து வைத்திருந்தது. போன மாதம் வாங்கியது.

"இது இன்னும் பழசாகலையே," என்றாள்.

"அங்க போனா ஆயிடும்," என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான்.

பள்ளியில் பின்கதவு அறை துப்புரவாக இருந்தது. வாளிகள் இருந்தன, துடைப்பம் இருந்தது. சட்டை மூட்டை இல்லை. நேற்றுச் சாயங்காலமே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று சின்ன டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சொல்லிப் பார்த்தேன் அத்தை. கேக்கல."

பதினேழு பிள்ளைகளும் வழக்கம்போல வந்து சுவரோரமாக நின்றுவிட்டார்கள். முதலில் நின்ற சுருட்டை முடிக்காரி சொல்லாமலே முதுகைக் காட்டினாள். அத்தை கட்டம்போட்ட சட்டையை அவளுக்கு மாட்டினாள். நான்கு பொத்தான் போட்டாள்.

"எங்களுக்கு?" என்றது வரிசை.

"அஞ்சு நிமிஷம் இருங்க," என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குப் போனாள்.

பெரிய டீச்சர் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வைத்தே காத்திருந்தார். நாற்காலியைக் காட்டினார். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. சிரமமே இல்ல."

"நான் எழுதத் தெரிஞ்சவதான் டீச்சர்."

அத்தை உட்கார்ந்து எழுதினாள். காலர் தைக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாக, நிதானமாக. பெரிய டீச்சர் போனில் யாரிடமோ புல்லின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெரிய டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே படித்தார்.

'பெற்றோர் கவனத்துக்கு. தோட்ட நேரத்துக்கு வைத்திருந்த சட்டைகளைப் பள்ளியில் குப்பையில் போட்டுவிட்டார்கள். நாளை ஒவ்வொரு பிள்ளையிடமும் பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்பவும். யார் சட்டையானாலும் சரி. கிழிந்திருந்தால் நான் தைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளை மண்ணில் இறக்குவது நான்தான். தொடர்ந்து இறக்குவேன்.'

"அப்புறம் பேசறேன்," என்று பெரிய டீச்சர் போனை வைத்தார். "ஏம்மா, நான் கேட்டது என்ன, நீங்க எழுதியிருக்கிறது என்ன? இதை நான் யார்கிட்ட காட்டறது? சொல்லுங்க, யார்கிட்ட காட்டறது?"

அத்தை பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பிள்ளைகள் காத்திருந்த பின்கதவு அறையை நோக்கி நடந்தாள்.