டிரைவரின் இடது காது

ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கிற மொத்த ஒப்பந்தமும் இவ்வளவுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் ஒன்பது வருஷம் விசில் ஊதினேன். ஒன்பது வருஷமும் ஒரே டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வோம். நான் ஊதியும் அவர் தாண்டிப் போய் நிறுத்தினால், "செவிடன் காதுல சங்கு ஊதுன கதைதான்" என்று பஸ்ஸே கேட்கக் கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் சொன்னது காதில் விழுந்து சிரித்தாரா, மற்றவர்கள் சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாரா என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு வருஷம் எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள்தான். பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். கள்ளக்குறிச்சி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு ஹாரன் சத்தம் கிடையாது.

அந்த அமைதியில்தான் விஷயம் தெரிந்தது. அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த நான், "ண்ணா, டீ சொல்லட்டா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். ஆளில்லாத ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் எதிரே நின்று கேட்டதும், "சொல்லு, சக்கரை கம்மியா" என்றார்.

இஞ்சின் அவருடைய இடது முழங்காலை ஒட்டித்தான் இருந்தது. இருபது வருஷமாக அந்தக் காதிலேயே உறுமியிருக்கிறது. பஸ்ஸுக்குள் நாங்கள் கத்தியேதான் பேசுவோம், அதனால் எனக்குத் தெரியவில்லை.

"எத்தினி நாளா ணா?"

"ரொம்ப நாளாச்சுடா. உன் விசிலு எங்க கேக்குது? கண்ணாடியில உன்னப் பாத்துக்கினுதான் ஓட்டறேன்." என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெளிய சொல்லிடாத. இந்த ஸ்டேரிங்க வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

மலையில் ஒவ்வொரு வளைவிலும் நாம் ஹாரன் அடித்து, எதிர் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரோடு திறந்து பஸ் ஓட ஆரம்பித்ததும், வளைவு வரும்போதெல்லாம் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். மேலே ஹாரன் கேட்டால் அவர் தோளில் தட்டுவேன். அவர் வேலையும் போகக்கூடாது, யாருக்கும் அடியும் படக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு சந்தை நாளில் பஸ் நிறைந்து வழிந்தது. நான் பின்னால் மாட்டிக்கொண்டேன். மலையில் ஒரு நிறுத்தத்தில் ஒரு அம்மா கடுக்காய் மூட்டையோடு இறங்கப் போனார். மூட்டையைக் கீழே தள்ளிவிட்டுப் படியில் குனிந்து செருப்பைத் தேடியிருக்கிறார். கண்ணாடியில் வாசல் காலியாகத் தெரிந்ததால் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். நான் ஒற்றை விசிலை மூச்சு முட்ட ஊதினேன். பஸ்ஸே கத்தியது. யாரோ பஸ் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்த அதிர்வு தெரிந்த பிறகுதான் நிறுத்தினார். அதற்குள் அந்த அம்மா விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது.

அண்ணன் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்தார். அந்த அம்மா வலியோடு ஏதோ சொன்னார். இவர் என்னைப் பார்த்து, "இன்னா சொல்லுது?" என்றார்.

"தப்பு அவங்க மேலதானாம். சீக்கிரம் எறங்கியிருக்கணுமாம்" என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னேன்.

ஜனங்கள் கோபமாக இருந்தார்கள். நான்தான் விசில் ஊத மறந்துவிட்டேன் என்று சத்தம் போட்டுச் சொன்னேன். பத்துப் பேர் நான் ஊதியதைக் கேட்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று மலை இறங்கும் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அண்ணன் எழுந்து வந்து படியைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

அதற்கு அப்புறமும் நான் திருந்தவில்லை. அடுத்த வாரம் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வாங்க வேண்டியிருந்தது. டாக்டர் பின்னால் நின்று மெதுவாக நம்பர் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு டிரைவர் சொல்லியிருந்தார். "நான் எதிர்ல உக்காந்து விரல்ல காட்டறேன், நீ பாத்து சொல்லிடு" என்றேன்.

டாக்டர் முதலில் கண்ணைச் சோதித்தார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகு காது. சர்டிபிகேட் பாரத்தில் அதற்கு ஒரே கேள்விதான்: சாதாரண ஒலிச் சைகைகள் கேட்காத அளவுக்குக் காது மந்தமா? வலது காதில் மூன்று நம்பருக்கு இரண்டைச் சரியாகச் சொன்னார். டாக்டர் இடது பக்கம் போய் நின்று, "ஏழு" என்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு கையை விரித்து, மறு கையில் இரண்டு விரலைச் சேர்த்து நெஞ்சோடு வைத்துக் காட்டினேன். அண்ணன் என் கைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கண்களை மூடிக்கொண்டார்.

டாக்டர் இன்னும் சத்தமாக, "ஏழு" என்றார். நான் விரல்களை மடக்காமல் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்து தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். எழுந்து உலுக்க முடியுமா? கத்தத்தான் முடியுமா?

"கேக்கல சார்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கைய எறக்குப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன், "ஏன் ணா கண்ண மூடிக்கின?"

"தொறந்துகினு இருந்தா ஏழுன்னு சொல்லிட்ருப்பேன்டா."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு மாற்று டிரைவராக வந்த பையன் ஏறி உட்கார்ந்து, நேரமாகிவிட்டது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் படியில் ஏறினேன். அண்ணன் கீழேயே நின்றார். நான் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினேன். பஸ் உடனே நகர்ந்தது. அவர் அங்கேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.